வாங்கி மூணே மாசம்... நாலு தடவை ரிப்பேர்! புது ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மக்கர் பண்ணினால் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆஃபர், பொங்கல் சேல்... தமிழ்நாட்டு வீடுகளுக்குள் புது ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் நுழைவது பெரும்பாலும் இந்த சீசன்களில்தான். கடையில் பத்து மாடல்களைத் திறந்து மூடிப் பார்த்து, பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு, மீதித் தொகையை 12 மாத இ.எம்.ஐ-யில் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து வீட்டுக்குள் ஏற்றியாயிற்று. மூன்றாவது வாரமே உள்ளே வைத்த பால் திரிந்துபோகிறது.

டெக்னீஷியன் வருகிறார். பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இப்ப ஓகேங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பத்து நாளில் மறுபடியும் அதே கதை. இந்த முறை ஏதோ ஒரு பார்ட் மாறுகிறது. அடுத்த மாதம் மீண்டும். கஸ்டமர் கேருக்கு போன் செய்தால், ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல், "உங்க பிரச்னை என்னன்னு சொல்லுங்க மேடம்" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. கடைக்காரரோ, "நாங்க விக்கிறதோட சரி, கம்பெனியைத்தான் கேக்கணும்" என்கிறார். கம்பெனி, "வாரன்ட்டிப்படி ரிப்பேர் செய்து தருவோம், மாற்றித் தர முடியாது" என்கிறது. இதற்கிடையே மாதம் பிறந்தால் இ.எம்.ஐ மட்டும் ஒருநாள்கூடத் தவறாமல் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறது.

இப்படிப் பல வீடுகளில் நடக்கிறது. பலரும் நான்காவது முறையோடு சோர்ந்துபோய், 'நம்ம ராசி அவ்வளவுதான்' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால், சட்டம் அப்படி விடச் சொல்லவில்லை. பொருளை மாற்றித் தரச் சொல்லவும், பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லவும், அலைச்சலுக்கு இழப்பீடு வாங்கித் தரவும் நுகர்வோர் ஆணையங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால், அந்த அதிகாரம் உங்களுக்குப் பயன்படுமா என்பதைத் தீர்மானிப்பது, ஆணையத்தின் படியேறுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே உங்கள் வீட்டு ஹாலில் நடக்கும் ஒரு சின்ன விஷயம்: டெக்னீஷியன் ஒரு பேப்பரில் என்ன எழுதிவிட்டுப் போகிறார் என்பது.

எத்தனை முறை ரிப்பேர் ஆனால் புதுசு தரணும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 'மூன்று முறை பழுதானால் கட்டாயம் மாற்றித் தர வேண்டும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுவதுண்டு. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை.

வெளிநாடுகள் சிலவற்றில் இருக்கிறது. பிரிட்டனின் 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை முதல் 30 நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாம். அதன் பிறகு ஒருமுறை ரிப்பேர் செய்தோ, மாற்றித் தந்தோ பிரச்னை தீரவில்லையென்றால், பொருளை நிராகரிக்கும் உரிமை வந்துவிடுகிறது. அமெரிக்க மாநிலங்களில் திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் கார்களுக்கென்றே 'லெமன் லா' என்ற பெயரில் சட்டங்கள் உண்டு.

இங்கே நடைமுறையில் இருப்பது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1986-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக, 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. இதன் 39-வது பிரிவு ஆணையத்துக்குக் கொடுக்கும் அதிகாரங்கள் கணிசமானவை. குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், குறையில்லாத அதே வகைப் புதுப்பொருளைத் தரச் சொல்லலாம், விலையை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லலாம், இழப்பீடும் வழக்குச் செலவும் தரச் சொல்லலாம். ஆனால், எந்தப் பழுதுக்கு எது என்பதை வழக்கைப் பார்த்து ஆணையம்தான் முடிவு செய்யும்.

அங்கேதான் கம்பெனிகள் பிடித்துக்கொள்கின்றன. 2006-ல் ஒரு மாருதி கார் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரன்ட்டியில் 'குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வோம் அல்லது மாற்றுவோம்' என்று மட்டும் இருக்கும்போது, முழு வாகனத்தையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவு சரியல்ல என்றது. பயணச் செலவு போன்றவற்றுக்காக ஒரு தொகையை மட்டும் வாங்கித் தந்தது. ஒரு பார்ட்டில் பழுது என்பது வேறு, பொருளே பிறவிக் கோளாறோடு வந்திருக்கிறது என்பது வேறு. பின்னதைத்தான் 'உற்பத்திக் குறைபாடு' என்கிறார்கள். வீட்டுச் சாமான் வழக்குகளிலும் கம்பெனி வக்கீல் எழுப்பும் முதல் கேள்வி, "உற்பத்திக் குறைபாடுன்னு என்ன ஆதாரம்?" என்பதாகத்தான் இருக்கும்.

அந்தக் கேள்விக்கு ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதில் சொல்ல முடியாது. காகிதத்தால்தான் சொல்ல முடியும்.

அந்த ஒரு பேப்பர்... ஜாப் ஷீட்!

சர்வீஸுக்கு வருபவர் வேலை முடிந்ததும் ஒரு படிவம் எழுதுவார். சிலர் பேப்பரில் எழுதுவார்கள், இப்போது பலரும் மொபைல் ஆப்பிலேயே பதிவு செய்துவிடுகிறார்கள். ஜாப் ஷீட், சர்வீஸ் ரிப்போர்ட், கால் ஷீட் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். புகார் எண், தேதி, நீங்கள் சொன்ன குறை, அவர் கண்டுபிடித்த குறை, மாற்றிய பார்ட் எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

நடைமுறையில் என்ன ஆகிறது? 'செக்டு, ஓகே' என்று இரண்டே வார்த்தைகள். அல்லது 'கஸ்டமருக்கு உபயோகிக்கும் முறை விளக்கப்பட்டது.' மூன்று மணி நேரம் பிரித்து மேய்ந்து ஒரு போர்டையே மாற்றியிருப்பார். ரிப்போர்ட்டிலோ நீங்கள் பட்டன் தெரியாமல் அழுத்தியதுபோல இருக்கும். நாளைக்கு ஆணையத்தில் கம்பெனி அதைத்தான் எடுத்து நீட்டும்.

அதனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் படியுங்கள். 'தண்ணீர் வடியவில்லை, டிரெயின் பம்ப் மாற்றப்பட்டது' என்பது போல நடந்தது நடந்தபடி இருக்கட்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால், உங்கள் கையெழுத்துக்கு மேலேயே 'குறை சரியாகவில்லை' அல்லது 'மூன்றாவது முறையாக இதே குறை' என்று தமிழிலேயே எழுதுங்கள். நகல் தரவில்லையென்றால் போட்டோ எடுங்கள். ஆப்பில் பதிவு செய்பவரிடம் ஸ்கிரீனைக் காட்டச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

அடுத்தது ஓ.டி.பி. புகாரை முடித்துவைக்க உங்கள் மொபைலுக்கு ஒரு எண் வரும். சில கம்பெனிகள் அதற்கு 'ஹேப்பி கோட்' என்றே பெயர் வைத்திருக்கின்றன. அதைச் சொன்னால், 'வாடிக்கையாளர் திருப்தியடைந்தார்' என்று புகார் மூடப்பட்டுவிடும். "பார்ட் வரட்டும் மேடம், இப்ப கோட் சொல்லிடுங்க, நாளைக்கு வந்து மாத்திடுறேன்" என்பதற்கு மயங்க வேண்டாம். பாவம், அந்தத் தம்பிக்கு ஒரு நாளைக்கு இத்தனை கால் முடிக்க வேண்டும் என்று டார்கெட் இருக்கலாம். ஆனால், நீங்கள் சொன்ன அந்த எண்கள், கம்பெனியின் கம்ப்யூட்டரில் உங்களுக்கு எதிரான சாட்சி. மெஷின் ஒரு முறை முழுதாக ஓடி முடிந்த பிறகு கோட் சொன்னால் போதும்.

ஒரு முறை மூடப்பட்ட புகார், அடுத்த முறை புதுப் புகாராகப் பதிவாகும். கம்பெனிக்குக் கிடைக்கும் கணக்கு, 'நான்கு வெவ்வேறு புகார்கள், நான்கும் தீர்க்கப்பட்டன.' உங்களிடம் இருக்க வேண்டிய கணக்கு, 'ஒரே குறை, நான்கு முறை, நான்கிலும் தீரவில்லை.' ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்: எப்போது போன் செய்தீர்கள், புகார் எண் என்ன, யார் வந்தார், என்ன செய்தார், மறுபடி எப்போது பழுதானது. பழுதாகி நிற்கும்போது மொபைலில் அரை நிமிட வீடியோ எடுங்கள். ஸ்கிரீனில் எரர் கோட் தெரிந்தால் அதுவும் வீடியோவில் வரட்டும். டெக்னீஷியன் வரும் நேரம் பார்த்து மெஷின் நல்ல பிள்ளையாக ஓடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே!

பில்லை மறக்க வேண்டாம். கடைகளில் தரும் தெர்மல் பேப்பர் பில் ஒரு வருடத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து, உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். பொருளின் சீரியல் நம்பர் பில்லில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பில் தராமலிருப்பதே சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறைதான். 'ஜி.எஸ்.டி இல்லாம முடிச்சுக்கலாம்' என்று குறைக்கும் சில நூறு ரூபாய், பின்னால் முழு விலையையும் விழுங்கிவிடும்.

வோல்டேஜ், உப்புத் தண்ணி, எலி!

பழுதுக்கு உங்கள் வீட்டையே காரணம் காட்டுவது இன்னொரு வழி. 'வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் போர்டு போய்விட்டது', 'போர் தண்ணீரில் உப்பு', 'பின்னால் எலி கடித்திருக்கிறது', 'கரப்பான் புகுந்திருக்கிறது.' இவை எல்லாமே சில நேரங்களில் உண்மையும்கூட. வாரன்ட்டி கார்டின் பொடி எழுத்துகளில் இவற்றுக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். நம் ஊரில் பல பகுதிகளின் போர் தண்ணீர், வாஷிங் மெஷினை என்ன பாடுபடுத்தும் என்பது தெரிந்ததுதான்.

எனவே வாய்மொழியாகக் கேட்டுவிட்டு விடாதீர்கள். வோல்டேஜ்தான் காரணம் என்றால், அளந்து பார்த்தீர்களா, எவ்வளவு இருந்தது என்று கேட்டு, அந்த எண்ணை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எலி என்றால் கடித்த வயரை போட்டோ எடுங்கள். உண்மையான காரணமாக இருந்தால் எழுதுவார். சாக்காக இருந்தால் பெரும்பாலும் எழுத மாட்டார். உங்கள் தரப்பில், ஸ்டெபிலைசர் வைக்கச் சொல்லியிருந்தால் அதன் பில், தண்ணீர் வரும் குழாயின் ஃபில்டரைச் சுத்தம் செய்த விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும்.

அவசரத்துக்குத் தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிடுவதும் உண்டு. நல்ல மெக்கானிக்காகவே இருப்பார். ஆனால், வாரன்ட்டி காலத்தில் வெளியாள் பிரித்த மெஷின் என்று தெரிந்தால், வழக்கு பாதி போனது போலத்தான். வாரன்ட்டி முடிந்த பிறகு அவரைக் கூப்பிடலாம். வாரன்ட்டி இருக்கும்வரை ஸ்க்ரூடிரைவர் கம்பெனி ஆள் கையில் மட்டும் இருக்கட்டும்.

கடைக்காரரா, கம்பெனியா?

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பார்கள். குறையுள்ள பொருளுக்கு இந்த வரி செல்லாது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019-ம் ஆண்டின் சட்டம் 2-வது பிரிவிலேயே சொல்கிறது. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இது பொருந்தாது. பொருளில் குறை இருக்க வேண்டும்.

ஆகவே, முதல் மாதத்துக்குள் பழுதானால், சர்வீஸ் சென்டரோடு நிறுத்திக்கொள்ளாமல் கடைக்கும் எழுத்தில் கொடுங்கள். கடிதத்தின் நகலில் கடை முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் மெயில் அனுப்புங்கள். இந்த 30 நாள்களை டெக்னீஷியனுக்காகக் காத்திருந்தே பலரும் தொலைத்துவிடுகிறார்கள்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகள் கூடுதல் துணை. ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, அவரது பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். '7 நாள் ரீப்ளேஸ்மென்ட்' முடிந்துவிட்டது என்பதால் எல்லாமே முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது தளத்தின் சொந்த ஏற்பாடு. சட்டம் தரும் உரிமை அதோடு முடிவதில்லை.

வழக்கு என்று போனால் தயாரித்த கம்பெனி, விற்ற கடை, சர்வீஸ் செய்த சென்டர், ஆன்லைன் தளம் என்று சம்பந்தப்பட்ட எல்லோரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதே நல்லது. யார் பொறுப்பு என்பதை ஆணையம் பிரித்துச் சொல்லும். ஒருவரை விட்டுவிட்டால், மற்றவர்கள் பழியை அந்த வராதவர்மேல் போட்டுவிட்டு நழுவப் பார்ப்பார்கள்.

10 வருட வாரன்ட்டி... எதுக்கு?

ஃப்ரிட்ஜ் கதவில் பெரிதாக '10 வருடம்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது பொதுவாக கம்ப்ரஸருக்கு மட்டும். வாஷிங் மெஷினில் மோட்டாருக்கு மட்டும். முழுப் பொருளுக்கும் வாரன்ட்டி என்பது பெரும்பாலும் ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம்தான். மூன்றாவது வருடம் எலெக்ட்ரானிக் போர்டு போனால், அந்த 10 வருட ஸ்டிக்கரால் பயன் இல்லை. கம்ப்ரஸரே போனாலும், கேஸ் சார்ஜும் டெக்னீஷியன் கூலியும் தனி என்று கார்டில் இருக்கிறதா எனப் பாருங்கள். ஐந்து ஸ்டாரைப் பார்த்து 'தரமான மெஷின்' என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த ஸ்டார் மின்சாரச் சிக்கனத்துக்கான மதிப்பீடு, உழைப்புக்கானது அல்ல.

எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி விஷயத்தில் ஒன்றை மட்டும் பில் போடும் முன்பே கேளுங்கள்: இதைத் தருவது தயாரித்த கம்பெனியா, கடையா, மூன்றாவது நிறுவனமா? மூன்றாவது நிறுவனம் என்றால் புகார் செய்ய வேண்டிய இடமே வேறு. தேய்மானம் என்று கழித்துக்கொள்வார்களா என்பதையும் பாருங்கள். விற்கும்போது 'முழு கவர்' என்று வாயால் சொல்வதற்கும் தாளில் இருப்பதற்கும் சில நேரங்களில் ஸ்நானப்ராப்திகூட இருக்காது.

வாரன்ட்டி முடிய பத்து நாள் இருக்கும்போது பழுதானால், அன்றைக்கே புகாரைப் பதிவு செய்துவிடுங்கள். பார்ட் வர ஒரு மாதம் ஆகி, அதற்குள் வாரன்ட்டி தேதி தாண்டிவிட்டாலும், புகார் வாரன்ட்டிக்குள் வந்தது என்பதற்கு அந்த எஸ்.எம்.எஸ் போதும்.

மாவு விற்கும் அக்காவுக்கு இந்தச் சட்டம் உண்டா?

கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கும் பெண்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றில் ஐஸ் வைத்து ஜூஸ் விற்பவர்கள், பவர் மெஷின் வாங்கித் தைப்பவர்களும் உண்டு. இவர்கள் 'நுகர்வோர்' ஆவார்களா?

வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்கிறது சட்டம். ஆனால், அதே இடத்தில் ஒரு விளக்கமும் தருகிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது. ஆக, ஒற்றை கிரைண்டரில் தானே மாவரைத்து வாழ்க்கை நடத்தும் பெண் ஆணையத்தை அணுக முடியும். பத்து கிரைண்டர், ஐந்து வேலையாள் என்றால் கதை வேறு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல வாரன்ட்டி கார்டுகளில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்டிருப்பார்கள். நாள் முழுக்க ஓடும் கிரைண்டரைப் பார்த்ததும் வாரன்ட்டி செல்லாது என்பார் டெக்னீஷியன். சட்டப்படி நீங்கள் நுகர்வோராக இருந்தாலும், வாரன்ட்டி நிபந்தனையை மீறியதாக கம்பெனி வாதிடும். விற்பனைக்கு அரைப்பதாக இருந்தால் வாங்கும்போதே கடையில் சொல்லி, கமர்ஷியல் மாடலாகக் கேளுங்கள். விலை கூடுதல்தான். ஆனால், பிழைப்பே அந்த மெஷினில் இருக்கும்போது, மூன்று நாள் அது நின்றால் அந்தக் கூடுதல் விலையைவிட நஷ்டம் பெரிதாகிவிடும்.

கோபத்தில் இ.எம்.ஐ-யை நிறுத்தாதீர்கள்

'ஓடாத மெஷினுக்கு நான் ஏன் பணம் கட்டணும்?' நியாயமான கேள்விதான். ஆனால், கடன் கொடுத்தது கடை அல்ல, கம்பெனியும் அல்ல. வேறொரு நிதி நிறுவனம். அதனோடு நீங்கள் போட்டது தனி ஒப்பந்தம். தவணையை நிறுத்தினால் அபராத வட்டி ஏறும், கிரெடிட் ஸ்கோர் விழும். நாளைக்கு வீட்டுக்கடனுக்கோ நகைக்கடனுக்கோ போகும்போது இந்த 3,000 ரூபாய் தவணை முன்னால் வந்து நிற்கும். கட்டிக்கொண்டே போங்கள். கட்டிய வட்டியையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்த்துக் கேளுங்கள்.

ஷாக் அடித்தால் ரிப்பேர் பேச்சே வேண்டாம்

புது ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ ஷாக் அடிக்கிறது, மிக்ஸியிலிருந்து புகை வருகிறது என்றால் அது வேறு வகை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வீட்டு எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். குறை பொருளில்தான் என்றால், அதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். குறையுள்ள பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு ஏற்பட்டால் இழப்பீடு கேட்க, 2019-ம் ஆண்டின் சட்டத்தில் 'பொருள் பொறுப்பு' என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. பழைய சட்டத்தில் இது இல்லை.

ஒரு மாடலிலேயே ஆபத்து இருக்கிறது என்றால், பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. தர விதிகளை மீறிய பிரஷர் குக்கர்களைத் தங்கள் தளத்தில் விற்க அனுமதித்ததற்காக 2022-ல் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டுக்கும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது இந்த ஆணையம்தான்.

புகார்... எங்கே, எப்படி?

முதலில் கம்பெனிக்கு ஒரு கடிதம். திட்ட வேண்டாம், சாபம் கொடுக்க வேண்டாம். தேதிகள் பேசட்டும். உதாரணமாக:

'ஜூலை 20 அன்று தங்கள் கம்பெனியின் வாஷிங் மெஷினை (மாடல், சீரியல் நம்பர்) இன்ன கடையில் 24,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஆகஸ்ட் 11, ஆகஸ்ட் 29, செப்டம்பர் 17, அக்டோபர் 6 ஆகிய நாள்களில் ஒரே குறைக்காக (தண்ணீர் வடிவதில்லை) தங்கள் டெக்னீஷியன் வந்தார். புகார் எண்களும் ஜாப் ஷீட் நகல்களும் இணைப்பில் உள்ளன. இரண்டு முறை பம்ப் மாற்றியும் குறை தீரவில்லை. இது உற்பத்திக் குறைபாடு எனக் கருதுகிறேன். இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் புதிய மெஷின் தர வேண்டும் அல்லது முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.'

இவ்வளவு போதும். மெயிலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்கும் ஒரு நகல் போகட்டும். வக்கீல் நோட்டீஸ்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பதில் வரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். இது நீதிமன்றம் அல்ல, கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரமும் இதற்குக் கிடையாது. உங்கள் புகாரை கம்பெனியின் மேல்மட்டத்துக்கு அனுப்பி, பதில் கேட்டு வாங்கித் தரும் வழக்குக்கு முந்தைய ஏற்பாடு. கஸ்டமர் கேரின் காதில் விழாதது, இந்த வழியாகப் போனால் சில நேரங்களில் சட்டென்று விழுந்துவிடும். தீர்வு கிடைக்காவிட்டாலும் அந்தப் பதிவு எண் உங்கள் ஃபைலில் இன்னொரு தாள்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வாங்கிய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வீட்டுச் சாமான் எதுவும் அதைத் தாண்டப் போவதில்லை. விலை 5 லட்சம் வரை இருந்தால் புகார் கட்டணமே கிடையாது. முன்பு பெரும்பாலும் கம்பெனியோ கடையோ இருக்கும் ஊரில் வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். தென்காசியில் இருந்துகொண்டு ஆன்லைனில் வாங்கிய ஃப்ரிட்ஜுக்காக பெங்களூருவுக்கு அலைய வேண்டியதில்லை. 'இ-ஜாக்ரிதி' இணையதளம் மூலம் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யவும் வழி இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

காலக்கெடு, பிரச்னை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள். 'அடுத்த வாரம் மாத்திடுறோம்' என்று கம்பெனி இழுத்தடிப்பதில் இந்த இரண்டு ஆண்டும் கரைந்துவிடக் கூடாது.

நோட்டீஸ் கிடைத்ததும் எதிர்த்தரப்பு 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள் தரலாம். அதற்கு மேல் ஒரு நாளும் தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொருளைப் பரிசோதிக்கத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக ஆகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்தாக்கள் இருக்கும். அதனால்தான் கடிதத்திலும் 1915-லும் முடிந்தால் முடித்துக்கொள்வது லாபம்.

இங்கேதான் உற்பத்திக் குறைபாடு என்ற பழைய கேள்வி மறுபடியும் வரும். பார்த்தால் தெரியாத குறை என்றால், பொருளை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஒரு மிக்ஸிக்காக இதெல்லாம் கட்டுப்படியாகாது. ஆனால், வாரன்ட்டி காலத்துக்குள் ஒரே குறைக்கு நான்கு ஜாப் ஷீட் இருந்தால், பழுது திரும்பத் திரும்ப வந்ததற்குத் தனியாக நிபுணர் தேவையில்லை என்று வாதிட முடியும். கம்பெனியின் ஆளே தன் கையால் எழுதிய சாட்சி அது. 'செக்டு, ஓகே' என்று நான்கு முறை எழுதியிருந்தால், அதே தாள்கள் கம்பெனிக்குச் சாட்சி.

நிவாரணத் தொகையைக் கேட்கும்போது நிதானம் வேண்டும். 24,500 ரூபாய் மெஷினுக்கு 10 லட்சம் மன உளைச்சல் என்று கேட்டால் வழக்கின் கனம் குறையும். விலை, வட்டி, மெஷின் ஓடாத நாள்களில் வெளியே துவைக்கக் கொடுத்த செலவு, லீவு போட்டுக் காத்திருந்த நாள்களின் சம்பளம், வழக்குச் செலவு என்று கணக்கோடு கேளுங்கள். நான்கு முறை டெக்னீஷியனுக்காக லீவு போட்டது யார் என்று வீட்டில் யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் அது அம்மாவாகத்தான் இருக்கும். அந்தச் சம்பளத்தையும் விடாமல் எழுதுங்கள்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், கம்பெனி 45 நாள்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால், உத்தரவான தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல், பணமும் தராமல் இருந்தால், சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அதை நிறைவேற்றக் கேட்டு 71-வது பிரிவில் மனு போடலாம். 72-வது பிரிவு இன்னும் கடுமையானது. உத்தரவை மதிக்காதவர்களுக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதுவரை அந்த மெஷினை என்ன செய்வது? இடத்தை அடைக்கிறதே என்று காயலான்கடைக்குப் போட்டுவிடாதீர்கள், அடுத்த ஆஃபரில் எக்ஸ்சேஞ்சுக்கும் கொடுத்துவிடாதீர்கள். பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னால் பொருள் கையில் இருக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் உத்தரவிலும், பழைய பொருளை ஒப்படைத்துவிட்டுப் பெற்றுக்கொள்ளவும் என்று ஒரு வரி வரக்கூடும். மொட்டை மாடி அறையிலோ பால்கனி மூலையிலோ, மழை படாமல் ஒரு பழைய பெட்ஷீட் போட்டு மூடி வையுங்கள். சீரியல் நம்பர் ஸ்டிக்கர் மட்டும் உரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.